கூட வேலை பார்க்கும் போலீஸ்காரர் தவறு செய்தால் மற்றவர்கள் ஏன் எழுதிக் கொடுப்பதில்லை?

பாளை_சட்டமாணவி

எல்லோருக்கும் வணக்கம். காவல் மரணங்கள் பற்றி வகுப்பில் ஒரு கட்டுரை தயாராகிறது. சட்டப் பிரிவுகளை நூலகத்தில் தேடி எடுத்துவிட முடிகிறது. நிலையத்துக்குள் நடைமுறை என்ன என்பதைத்தான் எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் அடியில் இறந்த சம்பவத்தில், 2020 ஜூன் 19 இரவு நிலையத்தில் பலர் பணியில் இருந்தார்கள். ஜூன் 28 அன்று கோவில்பட்டி நீதித்துறை நடுவர் நேரில் போய் விசாரித்தபோது ஒரு பெண் தலைமைக் காவலர் நடந்ததைச் சொன்னார். அவரும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடவே பயந்தார் என்று நடுவரின் அறிக்கை சொல்கிறது. அவருக்குப் பாதுகாப்புத் தர உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. அம்பாசமுத்திரம் பக்கம் 2023 மார்ச்சில் விசாரணைக்குப் போனவர்களின் பல்லைப் போலீஸ் பிடுங்கியதாகப் புகார் வந்ததே, அதையும் வெளியே கொண்டுவந்தவர்கள் பாதிக்கப்பட்டவர்கள்தான்.

என் கேள்விகள் இவை. இது வெறும் காக்கிப் பாசமா, வேறு காரணமா? வாய் திறக்கும் காவலரை என்ன செய்துவிட முடியும்? அவரைக் காக்கச் சட்டம் எதுவும் இருக்கிறதா? உண்மையிலேயே சொல்ல நினைக்கும் ஒருவர் எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

•

தாமிரபரணி_ஓரம்

தங்கச்சி, பாசத்துக்கு இதில் சின்னப் பங்குதான். பெரிய பங்கு காகிதத்துக்கு. அதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

ஒரு திருட்டு வழக்கில் சந்தேகப்பட்டு ஒருவரைச் சாயங்காலம் 7 மணிக்குக் கூட்டி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜி.டி. எனப்படும் பொது நாட்குறிப்பில் அதை ஏற்றுவதில்லை. ராத்திரி அடி விழுகிறது. மறுநாள் காலை 10 மணிக்கு பஸ் ஸ்டாண்டில் பிடித்ததாகக் கைது காட்டப்படுகிறது. இந்தப் பதினைந்து மணி நேரத்தில் யார் யார் கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்று பாருங்கள். பாரா, அதாவது நிலையக் காவல், நின்றவர் லாக்கப்பில் ஆள் இல்லை என்று எழுதி அடுத்தவரிடம் பாரா மாற்றியிருப்பார். அடுத்தவர் அதை ஏற்றுக் கையெழுத்திட்டிருப்பார். நிலைய எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் ஜி.டி.யில் அன்றிரவு ஒன்றும் நடக்காதது போல எழுதியிருப்பார். டிரைவர் வண்டியின் ஓட்டப் பதிவில் ரோந்து என்று போட்டிருப்பார். காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன இருவர், டாக்டர் கேட்டபோது “வழுக்கி விழுந்துட்டாரு” என்று சொல்லியிருப்பார்கள். அடித்தவர்கள் இரண்டு பேர், கையெழுத்துப் போட்டவர்கள் ஆறு பேர்.

அந்த ஆறு பேரில் ஒருவருக்கு மனசு கேட்காமல் உண்மையைச் சொல்ல வந்தால், முதலில் நிரூபணமாகும் குற்றம் அவருடையது. ஒருவரைத் தண்டனையிலிருந்து காப்பாற்ற அரசு ஊழியர் பொய்ப் பதிவு எழுதுவது பழைய இ.பி.கோ. 218, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 256. மூன்று வருடம் வரை சிறை. சாட்சியத்தை மறைப்பது பழைய 201, இப்போது 238. அடியை நிரூபிக்கக் காயச் சான்று வேண்டும், சாட்சி வேண்டும், கேமரா பதிவு வேண்டும். கையெழுத்தை நிரூபிக்க அந்தப் பக்கம் ஒன்றே போதும். ஆகவே அவர் வாயை மூடிக்கொள்வது அடுத்தவரைக் காப்பாற்ற என்பதைவிடத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. தப்பு செய்ய ஒரு பத்து நிமிடம் போதும்; அதைக் காப்பாற்றும் பதிவுகளுக்குள் மற்றவர்களை இழுத்து முடிப்பதற்குள் விடிந்துவிடும். விடிந்த பிறகு யாரும் வெறும் பார்வையாளர் இல்லை.

அடுத்தது, யாரிடம் சொல்வது? கிரேடு 2 காவலர் ரைட்டர் வழியாக எஸ்.ஐ.யிடம், அவர் இன்ஸ்பெக்டரிடம் என்றுதான் போக வேண்டும். தப்பு செய்தவர் பெரும்பாலும் அந்த எஸ்.ஐ. அல்லது இன்ஸ்பெக்டர். அவருக்கு மேலே டி.எஸ்.பி. “பொருள் ரெக்கவரி ஆச்சா, எத்தனை பவுன்” என்று தினமும் கேட்கிறவர் அவர். அந்த நெருக்கடிதான் அடியில் போய் முடிந்திருக்கும். தன் நெருக்கடியால் நடந்த தப்பை அவரே விசாரிக்க வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு நிலையத்துக்கும் தனிப்பிரிவு ஏட்டு ஒருவர் உண்டு; மாவட்ட எஸ்.பி.க்கு நேராகத் தகவல் கொடுப்பார். காதோடு காதாகச் சொல்ல இருக்கும் ஒரே உள்வழி அது. ஆனால் ராத்திரி 11 மணிக்கு நிலையத்தில் நான்கு பேர்தான் இருந்தார்கள் என்றால், தகவல் யாரிடமிருந்து போனது என்று கண்டுபிடிக்க அரை நாள் ஆகாது. பெயர் சொல்லாமல் மொட்டை மனு போட்டாலும் இதே கதிதான். சின்ன நிலையங்களில் ரகசியம் என்பது எண்ணிக்கையால் முடியாத காரியம்.

இனி, என்ன செய்துவிட முடியும் என்ற கேள்வி. பெரிய தண்டனை எதுவும் தேவையில்லை. டூட்டி போடும் அதிகாரம் போதும். வார விடுப்புக்கு 2021-லேயே அரசாணை வந்தாயிற்று. யாருக்கு எந்தக் கிழமை, அந்தக் கிழமையில் பந்தோபஸ்து வந்தால் யார் போவது என்பதை இன்றும் நிலையத்தில்தான் முடிவு செய்கிறார்கள். தொடர்ந்து நைட் பாரா, நடுவில் கோர்ட் டூட்டி, ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்தையனார் கோவில், ஆனித் தேரோட்டம், திருச்செந்தூர் சூரசம்ஹாரம், அக்டோபர் 30-க்குப் பசும்பொன். எல்லாமே முறையான பணிதான். ஒரே ஆளுக்கே திரும்பத் திரும்ப வந்தால் எந்த நீதிமன்றத்தில் போய் முறையிடுவது?

இரண்டாவது ஆயுதம் இடமாற்றம். உத்தரவில் நிர்வாகக் காரணம் என்ற இரண்டு சொல் மட்டும் இருக்கும். ஆயுதப்படைக்கு இணைப்பது, காத்திருப்பில் வைப்பது, வெளி மாவட்டத்துக்கு அனுப்புவது எல்லாம் விதிப்படி தண்டனையே அல்ல. அதனால் மேல்முறையீடும் இல்லை. குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும், பிள்ளைகளைப் பள்ளி ஆண்டின் நடுவில் மாற்ற வேண்டும்.

மூன்றாவது, விளக்கம் கேட்டு வரும் மெமோ. ரோல் காலுக்கு ஐந்து நிமிடம் தாமதம், தொப்பி சரியில்லை, சம்மனை உரியவரிடம் சேர்க்கவில்லை. 1955-ஆம் ஆண்டு ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 3(ஏ) என்பது சிறு தண்டனைக்கு, 3(பி) பெரிய தண்டனைக்கு. கண்டனம், கருப்புப் புள்ளி, ஊதிய உயர்வு நிறுத்தம் எல்லாம் ஓ.ஆர். என்னும் விசாரணையில் ஒவ்வொன்றாக ஏறும். ஒரு மெமோவில் வேலை போகாது. ஆனால் குற்றச்சாட்டு நிலுவையில் இருக்கும்போது ஏட்டு, சிறப்பு எஸ்.ஐ. என்று வரவேண்டிய உயர்வு தள்ளிப்போகும். தற்காலிகப் பணிநீக்கம் என்றால் முதல் ஆறு மாதம் பாதிச் சம்பளத்தைப் பிழைப்பூதியமாக வாங்கிக்கொண்டு வீட்டுக் கடனையும் கட்டியாக வேண்டும். நேர்மையாக இருக்க நினைக்கிறவரின் மனைவி “உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு” என்று கேட்டால் அதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது.

•

வள்ளியூர்_வாசி

அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி. ஆனாலும் எல்லாவற்றையும் காகிதத்திலேயே முடித்துவிட வேண்டாம். நம்ம பக்கத்தில் சாதி என்று ஒன்று இருக்கிறது. புகார் எழுதியவர் எந்த ஆள், யார் மேல் எழுதினாரோ அவர் எந்த ஆள், அடி வாங்கியவர் எந்த ஆள் என்பதுதான் முதலில் கேட்கப்படும். மூன்றில் எந்த இரண்டு பொருந்தினாலும் கதை முடிந்தது. “அவனுக ஆளுன்னு எழுதிட்டான்” என்று ஒரே பேச்சில் புகாரின் பொருள் காணாமல் போகும். வேறு சாதிக்காரர் மேல் எழுதினால் பகை, சொந்தச் சாதிக்காரர் மேல் எழுதினால் துரோகம். நேர்மையான காவலருக்கு இரண்டு பக்கமும் வாசல் அடைப்பு.

இன்னொன்றும் உண்டு. அடித்தால்தான் வேலை நடக்கும் என்று போலீஸ் மட்டும் நம்பவில்லை, ஊரும் நம்புகிறது. கையில் காலில் மாவுக்கட்டோடு ஒருவர் படம் வெளிவந்தால் கீழே கைதட்டல்தான் அதிகம் வருகிறது. குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்ற விளக்கத்தைப் படித்துச் சிரித்துவிட்டுப் போகிறோம். ஊரே பாராட்டுகிற ஒன்றைத் தப்பு என்று எழுதிக் கொடுக்க ஒரு கிரேடு 2 காவலருக்கு எங்கிருந்து தெம்பு வரும்?

சின்ன விஷயங்களில் தொடங்குகிற பழக்கமும் இதில் சேரும். அமெரிக்காவில் 30 காவல் துறைகளைச் சேர்ந்த 3,235 பேரிடம் பதினொரு கற்பனைச் சம்பவங்களைக் கொடுத்துக் கேட்ட ஆய்வு ஒன்று 2000-இல் வெளிவந்தது. கண்டெடுத்த பணப்பையில் சக காவலர் பணம் எடுத்தால் சொல்லிவிடுவோம் என்றார்கள் பலர். குடித்துவிட்டுக் காரை இடித்த சக காவலரை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு மறைத்தால் சொல்லமாட்டோம் என்றவர்கள்தான் அதிகம். ஓசிச் சாப்பாட்டையும் பண்டிகைப் பரிசையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இங்கேயும் அப்படித்தான். ஓட்டலில் காசு கொடுக்காமல் எழுந்து வரும்போது கூட இருந்து பழகியவருக்கு, பெரிய தப்பு நடக்கும் ராத்திரியில் புதிதாக நாக்கு முளைக்காது.

•

கோர்ட்_வாசல்

சட்டத்தைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

காவல் சித்திரவதையில் போலீஸ் சாட்சி கிடைப்பது அரிது, சகோதர உணர்வால் அவர்கள் மௌனமாக இருந்துவிடுகிறார்கள் என்பதை உச்ச நீதிமன்றமே 1995-இல் சியாம்சுந்தர் திரிவேதி வழக்கில் சொல்லிவிட்டது. அதற்கும் பத்து வருடம் முன்பே, 1985-இல், சட்ட ஆணையத்தின் 113-ஆம் அறிக்கை ஒரு வழி காட்டியது. போலீஸ் காவலில் இருந்தபோது காயம் ஏற்பட்டது என்று தெரிந்தால், அதை அந்தக் காவல் அதிகாரிதான் ஏற்படுத்தினார் என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம் என்று சாட்சியச் சட்டத்தில் 114பி என்ற புதுப் பிரிவு சேர்க்கச் சொன்னது. இன்றுவரை வரவில்லை. 2023-இல் சாட்சியச் சட்டத்தையே மாற்றி எழுதியபோதும் அது சேரவில்லை. வந்திருந்தால் நிலையத்துக்குள் கணக்கே மாறியிருக்கும் என்பது என் கருத்து. இப்போது மௌனமாக இருப்பவருக்கு லாபம். அந்தப் பிரிவு இருந்தால், பேசாதிருப்பது நிலையப் பொறுப்பாளரின் கழுத்துக்கே வரும்.

தகவல் சொல்பவரைக் காக்க 2014-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கைதான் வரவில்லை. 2004-ஆம் ஆண்டின் மத்திய அரசுத் தீர்மானம் ஒன்று இருக்கிறது, அது மத்திய அரசு ஊழியர்களுக்கு மட்டும். தமிழ்நாட்டுக் காவலருக்கு இரண்டாலும் பயன் இல்லை.

பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று வந்த தீர்ப்பு, போலீஸ் மேல் வரும் புகார்களுக்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் தனி ஆணையம் கேட்டது. நம் மாநிலம் 2013-இல் இயற்றிய சீர்திருத்தச் சட்டத்தில் மாநில அளவில் உள்துறைச் செயலாளர் தலைவர், மாவட்ட அளவில் ஆட்சியர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். தன் எஸ்.பி.யின் கீழ் வேலை பார்க்கும் காவலர் அந்த எஸ்.பி. உட்கார்ந்திருக்கும் மேசையில் போய் மனுக் கொடுக்க வேண்டும்.

சாட்சிப் பாதுகாப்பிலும் இதே முடிச்சு. 2018-ஆம் ஆண்டின் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு டிசம்பரிலேயே சட்டத்துக்கு இணையாக்கியது. மாவட்ட நீதிபதி தலைமையில் குழு, நல்லது. ஆனால் அந்தக் குழுவில் மாவட்டக் காவல் தலைவர் உறுப்பினர். சாட்சிக்கு எவ்வளவு ஆபத்து என்ற அறிக்கையை எழுதித் தருபவர் அந்த உட்கோட்ட டி.எஸ்.பி. சாதாரண வழக்கில் இது சரிதான். எதிரியே போலீஸாக இருக்கும் வழக்கில், யாரிடமிருந்து பாதுகாப்பு வேண்டுமோ அவரிடமே ஆபத்தின் அளவைக் கேட்பதாகிறது. இப்படிப்பட்ட மனுவில் அறிக்கையை வேறு உட்கோட்டத்திலிருந்தோ வேறு மாவட்டத்திலிருந்தோ பெற வேண்டும் என்று தனியாகக் கேட்டு எழுத வேண்டும். பலர் இதைக் கேட்பதே இல்லை.

உயர்ந்த பதவி இருந்தால் பயம் போகும் என்றும் நினைக்க வேண்டாம். 2021-இல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரி ஒருவர் சிறப்பு டி.ஜி.பி. மேல் பாலியல் தொல்லைப் புகார் கொடுக்கச் சென்னைக்குக் காரில் போனபோது, வழியில் பரனூர் சுங்கச்சாவடியில் நிறுத்தப்பட்டார். நிறுத்தியதற்காக ஒரு எஸ்.பி. மேலும் வழக்கு. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் சிறப்பு டி.ஜி.பி.க்கு மூன்று ஆண்டு சிறையும், அந்த எஸ்.பி.க்கு 500 ரூபாய் அபராதமும் விதித்தது. ஐ.பி.எஸ். அதிகாரியின் காரையே மறிக்க முடியும் என்றால் ஒரு காவலரின் மனுவை மறிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

•

பாளை_சட்டமாணவி

மூன்று பேருக்கும் மிக்க நன்றி. கையெழுத்து விஷயம் எனக்கு முற்றிலும் புதிது. அப்படியென்றால் அந்த ராத்திரியில், பாரா நிற்கும் காவலர் தன்னைச் சிக்கவைத்துக்கொள்ளாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் அண்ணாச்சி? புகார் எழுதுவது அதற்குப் பிறகுதானே?

•

தாமிரபரணி_ஓரம்

சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். அந்த முதல் சில மணி நேரத்தில்தான் அவர் சாட்சியா குற்றவாளியா என்பது தீர்மானமாகிறது.

முதல் வேலை, நிறுத்தப் பார்ப்பது. எதிர்த்து நின்று பேசினால் அந்த இடத்தில் நடக்காது. “ஐயா, ஆளுக்கு மூச்சு வாங்குது, ஏதாவது ஆயிட்டா நமக்குத்தான் பிரச்சினை, ஜி.ஹெச்.சுக்கு கொண்டு போயிருவோம்” என்று அதிகாரியைக் காப்பாற்றுவது போலச் சொன்னால் கேட்பார்கள். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் காவல் துறை 2016-இல் இதையே ஒரு பயிற்சியாக ஆக்கியது: கூட இருப்பவர் தப்பு செய்யும் முன்பே கையைப் பிடித்து நிறுத்துவதுதான் உண்மையான விசுவாசம் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். புகார் எழுதச் சொல்வதைவிட இது நடக்கக்கூடிய காரியம், ஏனென்றால் இதில் யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை.

நிறுத்த முடியவில்லை என்றால் பாரா மாற்றும்போது உண்மையை எழுதுவது. கருத்து எதுவும் வேண்டாம். “23.40 மணி. பாரா ஏற்றேன். லாக்கப்பில் ஆண் ஒருவர். இடது தொடையில் வீக்கம், நடக்க முடியவில்லை. பணியில் இருந்த உதவி ஆய்வாளரிடம் தெரிவித்தேன்.” இவ்வளவுதான். அடித்தார்கள், சித்திரவதை என்ற சொற்களைப் போட்டால் பக்கம் கிழிபடும்; வீக்கம் என்று எழுதினால் அதை அழிக்கக் காரணம் தேட வேண்டியிருக்கும். எழுதவே விடவில்லை என்றால் தன்னுடைய பணிக் குறிப்பு நோட்டில் அன்றைய தேதியில் எழுதி வைப்பது. பிற்பாடு ஞாபகத்திலிருந்து எழுதுவதைவிட, முன்னும் பின்னும் வேறு பணிகளின் குறிப்போடு அதே மையில் இருக்கும் நான்கு வரிக்கு மதிப்பு அதிகம்.

கைது குறிப்பாணையில் நேரம் காலியாக இருந்தால் கையெழுத்துப் போடக் கூடாது. சட்டமே இதற்கு உதவி செய்கிறது: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36-ஆம் பிரிவுப்படி சாட்சிக் கையெழுத்து போட வேண்டியவர் கைதானவரின் குடும்பத்தார் அல்லது அந்த ஊரில் மதிப்புள்ள ஒருவர். “வீட்டு ஆளைக் கூப்பிட்டுப் போடச் சொல்லலாம் ஐயா, பின்னாடி கோர்ட்ல கேப்பாங்க” என்று சொல்ல எந்தக் காவலருக்கும் உரிமை உண்டு.

ஆஸ்பத்திரி வாசலில்தான் பலர் சிக்குகிறார்கள். விபத்துப் பதிவேட்டில் காயத்துக்குக் காரணம் என்ற இடத்தில் டாக்டர் எழுதுவது பெரும்பாலும் கூட்டி வந்த காவலர் சொன்ன வார்த்தை. அந்த வார்த்தை அவர் பெயரோடு பதிவாகும். பார்க்காததைச் சொல்லக் கூடாது. “எனக்குத் தெரியாது, அவரையே கேளுங்க” என்று சொல்லிவிட்டு, பேச்சு காதில் விழாத தூரத்தில், கண்பார்வையில் மட்டும் நிற்பது போதும். அதே சன்ஹிதாவின் 53-ஆம் பிரிவுப்படி காயங்களையும் அவை ஏற்பட்டிருக்கக்கூடிய நேரத்தையும் டாக்டர் குறிக்க வேண்டும். நகல் கைதானவருக்கும் கொடுக்க வேண்டும். அந்த நேரம்தான் பொய்க் கைது நேரத்தை உடைக்கும்.

ஏற்கெனவே பொய்யில் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றால்? அப்போதும் சீக்கிரம் சொல்வதே நல்லது. ஆனால் அதைச் சட்டம் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

•

கல்லிடை_தொழில்நுட்பம்

கேமரா பற்றி யாரும் சொல்லவில்லை, அதைச் சேர்க்கிறேன். பயப்படுகிற காவலருக்குப் பதிலாகப் பேசக்கூடியது அது ஒன்றுதான்.

பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 தீர்ப்பு, நிலையத்தின் எல்லா வாசல்களிலும், லாக்கப், வராந்தா, வரவேற்பு, இன்ஸ்பெக்டர் அறை, எஸ்.ஐ. அறை, பின்பக்கம், கழிப்பறைக்கு வெளியே என்று ஒரு இடம் விடாமல் படமும் ஒலியும் பதிவாகும் கேமரா வைக்கச் சொல்கிறது. பதிவு 18 மாதம் இருக்க வேண்டும். அந்த வசதி கிடைக்காத இடத்தில் குறைந்தது ஒரு வருடம். கேமரா ஓடவில்லை என்றால் மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கு உடனே சொல்வது நிலையப் பொறுப்பாளரின் கடமை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கேமரா வினாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் நாளுக்கு 21.6 ஜி.பி. பத்து கேமராவுக்கு 216 ஜி.பி. 1 டி.பி. டிஸ்க் நான்கரை நாளில் நிறைந்து பழையதன் மேலேயே பதியத் தொடங்கும். பத்து கேமராவும் 18 மாதம் இருக்க வேண்டுமானால் ஏறத்தாழ 118 டி.பி. வேண்டும், புதிய சுருக்க முறையில் பதிந்தாலும் அதில் பாதி. டிஸ்க்கின் அளவைக் கேட்டாலே அந்த நிலையம் தீர்ப்பை மதிக்கிறதா என்று தெரிந்துவிடும். சாத்தான்குளத்தில் நடுவர் கண்டது இன்னும் மோசம்: டிஸ்க்கில் 1 டி.பி. இடம் இருந்தும் அன்றாடப் பதிவு அன்றன்றே அழியும்படி அமைத்திருந்தார்கள்.

அதனால் வெளியிலிருந்து செய்கிறவர்கள் முதல் இரண்டு நாளுக்குள் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி எழுத வேண்டும். எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தெந்தக் கேமரா என்று குறிப்பிட்டு எஸ்.பி.க்கும் நடுவருக்கும் ஒரே நேரத்தில் மனு. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் சாதாரணமாக 30 நாள் அவகாசம். அதற்குள் 1 டி.பி. டிஸ்க் ஆறு சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்று தெளிவாக எழுதினால் 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும். பதிவை எடுக்கும்போது கேமரா பதிவுக் கருவியான டி.வி.ஆரின் கடிகாரத்துக்கும் உண்மையான நேரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். இருபது நிமிடம் தப்பாக ஓடும் கடிகாரம் ஒரு வழக்கையே கெடுக்கும். புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் மின்னணுப் பதிவுக்குக் கேட்கும் சான்றிதழ் இல்லாமல் பதிவைக் கொடுத்தாலும் பிரயோஜனம் இல்லை.

•

கோர்ட்_வாசல்

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர் பற்றி அண்ணாச்சி விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன்.

அவருக்கு மூன்று கதவுகள். ஒன்று, விசாரணை அதிகாரி அவரைக் குற்றவாளியாகச் சேர்க்கும் முன்பே நடுவர் முன் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183-ஆம் பிரிவில் வாக்குமூலம் கொடுப்பது. பொய்ப் பதிவை யார் சொல்லி எழுதினார், எந்த நேரத்தில், அருகில் யார் என்பதோடு தன் கையெழுத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பாதியை மறைத்துச் சொன்னால் குறுக்கு விசாரணையில் முழுதும் போகும். இரண்டு, குற்றவாளியாகச் சேர்ந்த பிறகு அதன் 343-ஆம் பிரிவில் மன்னிப்புக் கேட்டு அப்ரூவர், அதாவது அரசுத் தரப்புச் சாட்சி, ஆவது. அது நீதிமன்றத்தின் விருப்பத்தைப் பொறுத்தது, அரசுத் தரப்பு எதிர்த்தால் கடினம். மூன்றாவது, பேசாமல் இருந்து எல்லோரோடும் சேர்ந்து விசாரணையைச் சந்திப்பது. நாள் ஆக ஆக முதல் கதவு மூடிக்கொண்டே வரும்.

காவலில் மரணம் என்றால் அதே சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவுப்படி நடுவர் விசாரணை கட்டாயம். அங்கே காவலர் தன் மேலதிகாரி வழியாகப் போக வேண்டியதில்லை. மரணம் இல்லாத வழக்கில்தான் சிக்கல்; அங்கே மனு எழுதித்தான் ஆக வேண்டும்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. பெறுநர் எஸ்.பி.; ‘உரிய வழியாக’ என்று போட்டு நிலையத்தில் ஒரு பிரதி, முன்பிரதி என்று குறித்து எஸ்.பி.க்கும் சரக டி.ஐ.ஜி.க்கும் நேராக ஒவ்வொன்று. உரிய வழியை விட்டுவிட்டால் நடத்தை விதி மீறல் என்று அதற்கே ஒரு மெமோ வரும். உரிய வழியை மட்டும் நம்பினால் மனு மேசையை விட்டு நகராது. பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். விடுப்பு மறுத்தது, டூட்டி அதிகம் போட்டது எல்லாம் உண்மையாகவே இருந்தாலும் அதில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் விசாரணை அதிகாரி முன்விரோதம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பி, அட்டை திரும்பி வந்ததும் மனுவின் நகலோடு சேர்த்து நிலையத்துக்கும் குடியிருப்புக்கும் வெளியே ஒரு இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். மனுவின் தேதி முக்கியம். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு மெமோவையும் இடமாற்றத்தையும் தேதிவாரியாக ஒரே தாளில் எழுதிக்கொண்டே வர வேண்டும். நான்கு வருடமாக ஒரு மெமோகூட வாங்காதவர் மனுக் கொடுத்த இரண்டு மாதத்தில் மூன்று மெமோ வாங்கினார் என்று காட்ட முடிந்தால், அது பழிவாங்கல் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வாதாட இடம் கிடைக்கும். தனித்தனியாக ஒவ்வொரு மெமோவையும் எதிர்த்தால் கிடைக்காது.

மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போவதென்றால் சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

செய்யவே கூடாத ஒன்று, நிலையத்தில் எடுத்த வீடியோவை வாட்ஸ்அப்பில் விடுவதும் பத்திரிகைக்குக் கொடுப்பதும். காவலர் பத்திரிகையோடு பேசுவதையும் அனுமதி இல்லாமல் சங்கம் சேர்வதையும் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. மீறினால் இரண்டு வருடம் வரை சிறை. அடித்தவர் மேல் வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டுமா என்று வாதம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வீடியோ விட்டவர் மேல் நடவடிக்கை முடிந்துவிடும். அதே வீடியோவை நடுவரிடம் வாக்குமூலத்தோடு ஒப்படைத்தால் அது சாட்சியம்.

•

பாளை_சட்டமாணவி

ஒரே ஒரு சந்தேகம் சார். லஞ்சம் என்றாலும் இதே வழிதானா?

•

கோர்ட்_வாசல்

இல்லை, அது கொஞ்சம் சுலபம். லஞ்ச ஒழிப்புத் துறை மாவட்ட எஸ்.பி.யின் கட்டுப்பாட்டில் இல்லாத தனி அமைப்பு, திருநெல்வேலியிலும் பிரிவு உண்டு. பணம் கேட்கப்பட்டவரே புகார்தாரராக இருந்து பொறி வைத்துப் பிடிக்கும் வழக்குக்கு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 17ஏ பிரிவு கேட்கும் முன் அனுமதியும் தேவையில்லை. அதனால் லஞ்சத்தைப் பார்க்கும் காவலர் தானே எழுதுவதைவிட, பணம் கேட்கப்பட்டவரை அங்கே போகச் சொல்வதுதான் நடைமுறை. போகும் முன் அவர் பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும். கொடுத்த பிறகு போனால் பொறி வைக்க வழியில்லை. கட்டாயப்படுத்திக் கொடுக்கவைத்தார்கள் என்றால் ஏழு நாளுக்குள் புகார் சொன்னால்தான் கொடுத்தவருக்கு அதே சட்டத்தின் 8-ஆம் பிரிவில் பாதுகாப்பு.